தோட்டத்து ஊரில் வரலாறு கற்பிக்க ஆறு வாரம்: இலவச இணையக் கருவிகளுடன் ஒரு முழு வழிகாட்டி

மலேசியத் தொடக்கப்பள்ளிகளின் ஆண்டு 4 வரலாற்றுப் பாடநூலின் தொடக்க அலகுகள் அரசர்களைப் பற்றியவை அல்ல. வரலாறு என்றால் என்ன, நான் யார், என் குடும்பம், என் பள்ளி, நான் குடியிருக்கும் இடம் என்றுதான் அவை போகின்றன. மலாக்கா அரசர்களின் பாடத்துக்குச் சீக்கிரம் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் பல வகுப்புகளில் இந்த அலகுகள் ஒரு குடும்ப மரம் வரைவதோடு முடிந்துவிடுகின்றன. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் அது பெரிய இழப்பு. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்தது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இடிந்தன. இவையெல்லாம் பிள்ளைகளின் தாத்தா பாட்டி காலத்திலேயே நடந்தவை. சாட்சி சொல்ல ஆள் இன்னும் இருக்கிறார்.

வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடம் என்ற கணக்கில் ஆறு வாரத்துக்கான திட்டம் இது. கருவிகள் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: "இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? அது நமக்கு எப்படித் தெரியும்?" கேள்வியின் பிற்பாதியை ஒவ்வொரு வாரமும் விடாமல் கேளுங்கள். அதைக் கேட்காவிட்டால் எஞ்சுவது அழகான படங்கள் மட்டுமே.

தொடங்கும் முன்

முதலில் கையிருப்பை எண்ணுங்கள். இருபது பிள்ளைகளுக்கு நான்கு மடிக்கணினி போதும். ஐந்து பேருக்கு ஒன்று. மடிக்கணினியே இல்லை, வைஃபை வகுப்பறை வரை எட்டவில்லை என்றாலும் ஆசிரியரின் ஒரு கைப்பேசியும் அச்சடித்த ஏ4 தாள்களும் கொண்டு இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். கூட்டு வகுப்பு நடத்தும் சிறிய பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் இன்னும் வசதி. மூத்த பிள்ளைகள் ஒலிப்பதிவையும் சிறியவர்கள் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் மாணவர் கணக்கில் கூகுளின் எல்லாச் சேவைகளும் திறந்திருக்கும் என்று நம்பிப் பாடத்துக்குப் போகாதீர்கள். ஆசிரியர் கணக்கில் திறப்பது மாணவர் கணக்கில் திறக்காமல் போகலாம். முந்தின நாளே ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் ஆசிரியர் கணக்கில் திறந்து எல்சிடியில் (படவீழ்த்தியில்) காட்டுவதே வழி. பிள்ளைகளைப் புதிய தளங்களில் பதிவு செய்ய வைக்காதீர்கள். கீழே வரும் எந்தக் கருவிக்கும் பிள்ளையின் பெயரோ மின்னஞ்சலோ தேவையில்லை.

பெற்றோருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: பழைய படம், பத்திரம், கருவி ஏதாவது இருந்தால் படம் எடுக்க மட்டும் வருவோம், வாங்கிப் போக மாட்டோம். இந்தக் கடைசி வரி முக்கியம். பள்ளிக்குக் கொடுத்த படம் திரும்பி வராத அனுபவம் பல வீடுகளில் உண்டு.

முதல் வாரம்: மேலே இருந்து பார்ப்பது

கூகுள் எர்த்தை உலாவியில் திறந்து பள்ளியின் பெயரைத் தேடுங்கள். பள்ளிக் கூரை தெரிந்ததும் வகுப்பில் சத்தம் எழும். இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு மெல்ல விலகி, பள்ளியைச் சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் திரைக்குள் வரும்படி நிறுத்துங்கள். விசைப்பலகையில் 'ஆர்' விசையை அழுத்தினால் வடக்கு மேலே வரும், சாய்ந்த பார்வை நேராகும்.

இப்போது பழைய படங்களைக் காட்டும் பொத்தானை (கடிகார உருவம்) அழுத்தினால் ஆண்டுகள் வரிசையாக வரும். மேகமில்லாத மிகப் பழைய தெளிவான படத்தைத் தேர்ந்தெடுங்கள். திரையை நகர்த்தாமல், பெரிதாக்காமல், காலத்தை மட்டும் மாற்றி இரண்டு திரைப்பிடிப்பு எடுங்கள்: ஒன்று பழையது, ஒன்று இன்றையது. இடையில் சுட்டியைத் தெரியாமல் உருட்டிவிட்டால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது, பயிற்சியே கெட்டுவிடும். உலாவியில் மெதுவாக இருந்தால் கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோவும் இலவசம்தான். பழைய கணினிகளில் அதுவே நன்றாக ஓடுகிறது.

1984 முதல் காட்டும் டைம்லாப்ஸ் வசதியும் உண்டு. பெரிய மாற்றம் தெரியும். காடு குறைவதும் தாமான் விரிவதும் தெரியும். ஆனால் அதற்கு அடிப்படையான லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். லயத்தைத் தேடினால் கிடைக்காது. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "எங்க பாட்டி வீட்டைக் காணோம்" என்று ஏமாந்துபோவார்கள்.

இரண்டு படத்தையும் ஏ4 தாளில் அச்சடித்து, மேலே மெல்லிய வரைதாளை ஒட்டி, ஐந்து நிறத்தில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்: ரப்பர், செம்பனை, வீடு, நீர், சடக்கு (சாலை). எது ரப்பர், எது செம்பனை என்று கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் தங்கள் கண்ணை நம்பக் கற்றுக்கொள்கிறார்கள். செம்பனை மேலே இருந்து பார்த்தால் தனித்தனி நட்சத்திரங்களாகத் தெரியும். முக்கோண வரிசையில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர். ரப்பர் தழை ஒன்றோடொன்று சேர்ந்து, வரிவரியான போர்வையாகத் தெரியும். ஆண்டின் முதல் மாதங்களில் எடுத்த படமென்றால் ரப்பர் இலையுதிர்ந்து பழுப்பாக இருக்கும். அதை மொட்டை நிலம் என்று குறிக்கிற பிள்ளைகள் நிறைய. வெறும் மண்ணில் படிக்கட்டுக் கோடுகள் வளைந்து போனால் அது மறுநடவு.

அளவுகோல் கருவியை எடுத்து ஒரு செம்பனையிலிருந்து அதே வரிசையில் பதினோராவது மரம் வரை அளக்கச் சொல்லுங்கள். பத்து இடைவெளி, 90 மீட்டரை ஒட்டி வர வேண்டும். 99 வந்தால் ஒரு மரம் கூட எண்ணிவிட்டார்கள் என்று பொருள். 81 வந்தால் பத்தாவது மரத்திலேயே நின்றுவிட்டார்கள். மேட்டு நிலத்தில் இந்தக் கணக்குப் பிசகும், சமதளத்தில் செய்யுங்கள். கணிதப் பாடத்தோடு சேர்த்து நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டாம் வாரம்: பழைய தாளும் பழைய படமும்

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மலாயாவின் பழைய நாளேடுகள் மின்வடிவமாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே உண்டு. உங்கள் தோட்டத்தின் பெயரைத் தட்டினால் வெள்ளைக்காரத் துரையின் மாற்றல், ரப்பர் விளைச்சல் கணக்கு, வெள்ளம், வேலைநிறுத்தம் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

தேடலில் வழுக்கும் இடம் எழுத்துக்கூட்டல். மலாய் எழுத்துச் சீர்திருத்தம் 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆங்கிலத் தாள்களில் 'சுங்கை' என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள் இன்று போல 'ஏ, ஐ' (Sungai) அல்ல, 'ஈ, ஐ' (Sungei). இன்றைய கூட்டலில் தேடிவிட்டு "நம்ம ஊர் பேப்பரில் வரவே இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊர்ப்பெயரே மாறியும் இருக்கலாம்: தெலுக் இந்தான் அன்று தெலுக் ஆன்சன், கிள்ளான் துறைமுகம் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம். பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்துத் தேடுங்கள். தமிழ் முரசுக்குச் சொல் தேடலை நம்பாமல் தேதி வாரியாகப் புரட்டுவது நல்லது. சில பக்கங்கள் நூலகத்துக்குள் இருந்தால் மட்டுமே திறக்கும். அவற்றை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இந்தத் தேடல் ஆசிரியரின் வேலை. பத்து வயதுப் பிள்ளையை 1920-களின் ஆங்கில நாளேட்டில் இறக்கிவிட்டால் மிஞ்சுவது சலிப்புத்தான். ஐந்தாறு வரியுள்ள ஒரே ஒரு செய்தியை எடுத்து, எளிய தமிழில் எழுதி, மூலத்தின் படத்தோடு அச்சடித்துக் கொடுங்கள். பிறகு மூன்று கேள்வி: இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? இதில் யார் பேசவே இல்லை? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரக் கொஞ்ச நேரமாகும். நிறையச் செய்திகளில் துரைக்குப் பெயர் இருக்கும், பால்வெட்டுத் தொழிலாளிக்கு எண்ணிக்கை மட்டும் இருக்கும். பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

சுங்கை சிப்புட் என்று தேடினால் 1948 ஜூன் 16 கொலைச் செய்திகள் முன்னுக்கு வந்து நிற்கும். எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நாட்டு வரலாறு. நான்காம் ஆண்டுக்கு அது தேவையில்லை. மேல் வகுப்புக்கு ஒதுக்கி வையுங்கள். எல்சிடியில் நேரடியாகத் தேடிக் காட்டாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் போதும். உரிம விவரம் ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கும். ஆனால் ஒரு பொறி உண்டு. அங்கே கிடைக்கும் பழைய ரப்பர்த் தோட்டப் படங்களில் நிறைய, ஆம்ஸ்டர்டாமின் டிரோப்பன் அருங்காட்சியகம் கொடுத்தவை. அவை சுமத்ரா, ஜாவா தோட்டங்கள், மலாயா அல்ல. மரமும் பால் பிடிக்கும் மங்கும் ஒன்றுபோல இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. விவரக் குறிப்பில் இடப்பெயரைப் படிக்காமல் எந்தப் படத்தையும் எடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் 'பழைய தோட்டப் படம்' வேண்டவே வேண்டாம். "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

மூன்றாம், நான்காம் வாரம்: பாட்டியின் குரல்

இந்தத் திட்டத்தின் நடுநாயகம் இதுதான், அதனால் இரண்டு வாரம். கருவி: கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி.

மூன்றாம் வாரம் வகுப்பில் கேள்வி தயாரிப்பு. "தோட்டத்து வாழ்க்கை கஷ்டமா பாட்டி?" என்று கேட்டால் "ஆமாய்யா, ரொம்ப கஷ்டம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பொருளையும் நேரத்தையும் பிடித்துக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். பெரட்டுக்கு (காலைப் பெயர்ப் பதிவுக்கு) எத்தனை மணிக்குப் போவீங்க? போகும்போது கையில் என்னென்ன இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை மரம், எத்தனை நிரை? மழை பெய்தால் அன்றைக்குச் சம்பளம் உண்டா? நீங்க வெட்டுக்குப் போனதும் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? கடைசிக் கேள்வி ஆயாக்கொட்டகைக்கு இட்டுச் செல்லும், அங்கிருந்து பேச்சு தானாக ஓடும். ஐந்து கேள்வி, பத்து நிமிடம். அதற்குமேல் பிள்ளையும் தாங்காது, பாட்டியும் தாங்கமாட்டார்.

முதலில் வகுப்பிலேயே இருவர் இருவராக ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்கட்டும். காற்றாடிச் சத்தம் எவ்வளவு விழுகிறது என்பது அப்போதுதான் புரியும். வீட்டுக்குப் போகும்போது இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்: காற்றாடியையும் தொலைக்காட்சியையும் அணைக்க வேண்டும், கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில், மடித்த துண்டின்மேல் வைக்க வேண்டும், வெறும் மேசையில் வைத்தால் விரல் தட்டுவதெல்லாம் இடியாக விழும், விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகலாம். பதிவின் முதல் வரியாகத் தேதியும், "நான் பேசுவதைப் பள்ளியில் போட்டுக்காட்டலாம்" என்று பெரியவரின் வாய்ச்சொல்லும் இருக்கட்டும். சம்மதத்துக்குத் தனித்தாள் தேவைப்படாது.

நான்காம் வாரம் எழுத்தாக்கம். கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு உண்டு. மொழிப்பட்டியலில் தமிழ் (மலேசியா) என்றே தனியாக இருக்கிறது. குரோம் உலாவியில் திறந்து, கருவிகள் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் போட்டு நேராகத் தட்டச்சாக்கப் பார்க்காதீர்கள். பாதிச் சொல் விழும், மீதி வேறு சொல்லாக விழும். ஒரு பிள்ளை காதில் செவிப்பொறி மாட்டிக்கொண்டு, ஒரு வாக்கியம் கேட்டு நிறுத்தி, அதையே ஒலிவாங்கியில் தெளிவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளை திரையைப் பார்த்துத் திருத்த வேண்டும். பெரட்டு, கிராணி, தண்டல், காண்டா, மங்கு, ஒட்டுப்பால் போன்ற தோட்டத்துச் சொற்களை இயந்திரம் தவறாகவே எழுதும். பலகையில் அந்தச் சொற்களின் பட்டியல் இருக்கட்டும், பிள்ளைகள் கையால் திருத்தட்டும். பத்து நிமிடப் பதிவு முழுவதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த ஒரு நிமிடம். அதற்கே ஒரு பாடவேளை போய்விடும்.

வீட்டில் கிடைக்கும் பத்திரங்களைப் படமெடுக்கும்போது மின்னல் விளக்கு வேண்டாம். சன்னல் ஓரம், பக்கவாட்டு வெளிச்சம், கைப்பேசி நேர் மேலே. பிளாஸ்டிக் உறையிட்ட தாளென்றால் சிறிது சாய்த்து எடுங்கள். கப்பல் பயணச் சீட்டு, சம்பளச் சீட்டு, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் போன்றவை பல வீட்டு இரும்புப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்கள் மாதாமாதம் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கிய கதைக்கு அந்தப் பத்திரத்தைவிடச் சிறந்த பாடநூல் பக்கம் இல்லை.

அடையாள அட்டை மட்டும் படத்தில் வரக் கூடாது. வந்தே ஆக வேண்டுமென்றால் எண்ணையும் முகவரியையும் தாள்துண்டால் மறைத்துவிட்டு எடுங்கள். பிறகு கணினியில் அழிக்கலாம் என்று விட்டால் மறந்துபோகும். சில வீடுகளில் பாட்டியின் அட்டை சிவப்பாக இருக்கும், நிரந்தரவாசி அட்டை. "ஏன் உங்களது மட்டும் வேறு நிறம்?" என்று பிள்ளை கேட்டுவிடும். பெரியவர் பேச விரும்பினால் பேசட்டும். வகுப்பில் அதை முன்னிறுத்தாதீர்கள்.

ஐந்தாம் வாரம்: காலக்கோடு

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் உருவாக்கிய டைம்லைன்ஜேஎஸ் முற்றிலும் இலவசம். கூகுள் விரிதாள் ஒன்றை நிரப்பினால் அது நகரும் காலக்கோடாக மாறும். தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் வரும்.

1. நைட் லேப் பக்கத்திலிருந்து விரிதாள் வார்ப்புருவை ஆசிரியர் கணக்கில் நகலெடுங்கள்.
2. முதல் வரியில் இருக்கும் ஆங்கிலத் தலைப்புகளைத் தொடாதீர்கள். அவற்றைத் தமிழாக்கினாலோ ஒரு பத்தியை (நெடுவரிசையை) நீக்கினாலோ காலக்கோடு வேலை செய்யாது.
3. ஆண்டுப் பத்தியில் எண் மட்டும். "1960-கள்", "சுமார் 1955" என்று எழுதினால் பிழை காட்டும். 'சுமார்' என்பதை விளக்கப் பத்தியில் சொல்லுங்கள்.
4. குழுப் பத்தியில் 'நாடு' அல்லது 'எங்கள் வீடு' என்று இடுங்கள். இரண்டும் தனித்தனித் தடமாகப் பிரிந்து, மேலும் கீழுமாக ஓடும்.
5. விரிதாளை 'இணையத்தில் வெளியிடு' செய்யுங்கள். அப்போது வரும் பெட்டியிலுள்ள முகவரியை எடுக்காமல், பெட்டியை மூடிவிட்டு உலாவியின் மேல் பட்டையில் இருக்கும் முகவரியை நகலெடுத்து நைட் லேப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

டெலிமா கணக்கில் வெளியே பகிரும் வசதி அடைக்கப்பட்டிருந்தால் ஐந்தாவது படி நடக்காது. பள்ளிக்கென்று தனி ஜிமெயில் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

நாட்டுத் தடத்துக்கு ஏழெட்டு நிகழ்வு போதும். 1877: லண்டனின் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. பக்கத்து ஊர்தான், சுற்றுலாவுக்கு ஏற்றது. 1896: மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் முதல் ரப்பர்த் தோட்டம் போட்டார். 1917: சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகச் செம்பனை. 1938: தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது, கங்காணி வழி ஆள்சேர்ப்பும் முடிந்தது. பிறகு ஜப்பானியர் காலம், 1957-இல் விடுதலை, 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். வீட்டுத் தடத்தில் பிள்ளைகள் கொண்டுவந்தவை: பாட்டி பிறந்தது, பெயர்ப் பதிவில் முதல் நாள், லயத்துக்கு மின்சாரம் வந்தது, லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தது. இரண்டையும் சேர்த்து இருபது வில்லைக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கு ஆண்டு நினைவில்லை என்றால், "பெரிய மாமா பிறந்த பிறகா, அதற்கு முன்பா?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அந்த முறையில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

உங்களுக்குக் கிடைத்தவை ஆண்டைவிட இடத்தைச் சுற்றியே இருந்தால் காலக்கோட்டை விட்டுக் கூகுள் மை மேப்ஸுக்குப் போங்கள். பெரட்டுக்களம், ரப்பர் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, கோயில், பழைய பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியும் படமும். கள்ளுக்கடை எங்கே இருந்தது என்பதைத்தான் பெரியவர்கள் முதலில் சரியாகச் சொல்வார்கள். சங்கடப்பட்டு நீக்க வேண்டாம், அதுவும் தோட்டம்தான். ஆள் குடியிருக்கும் வீட்டில் மட்டும் குறி வைக்காதீர்கள்.

ஆறாம் வாரம்: என்ன புரிந்தது என்று பார்ப்பது

பிள்ளைகள் கையில் கருவி இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் ஏற்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அச்சடித்த அட்டை. சரியான விடையின் பக்கம் மேலே வரும்படி பிடித்தால் ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா எல்லா விடையையும் ஒரே வீச்சில் படித்துவிடும். அட்டைக்குப் பளபளப்பு உறை போடாதீர்கள், வெளிச்சம் பட்டுத் தெரியாமல் போகும். விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது. பிள்ளையின் பெயருக்குப் பதில் எண்ணையே பயன்படுத்துங்கள்.

ஆண்டைக் கேட்கும் கேள்வி ஒன்றிரண்டு போதும். மற்றவை படத்தைக் காட்டிக் கேட்பவையாக இருக்கட்டும்: இந்தப் படத்தில் உள்ளது ரப்பரா, செம்பனையா, மறுநடவா? பாட்டி சொன்னதும் நாளேடு சொன்னதும் வேறாக இருந்தால் அடுத்து யாரைக் கேட்போம்? இரண்டாவது கேள்விக்கு ஒரே சரியான விடை கிடையாது. விடைகள் சிதறி வரும்போது ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். மதிப்பீடு அங்கேதான் நடக்கிறது.

சுவரொட்டிக்குக் கேன்வா கல்விப் பதிப்பு ஆசிரியர்களுக்கு இலவசம். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், பாலு தம்பி போன்ற தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் பிரிந்து போகாது. அச்சுக்கு அனுப்புவதைப் பிடிஎஃப்பாகவே இறக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் விரிதாளின் நகல், வரைபடத்தின் கேஎம்எல் கோப்பு, ஒலிப்பதிவுகள், பத்திரப் படங்கள் ஆகியவற்றை ஒரு விரலியில் (பென்டிரைவில்) ஏற்றிப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். கோப்புக்கு ஆண்டு, தோட்டத்தின் பெயர், பேசுபவரின் உறவுமுறை என்று பெயரிட்டால் அடுத்த ஆண்டு எடுப்பவருக்குப் புரியும். பொதுக் கணக்கின் கடவுச்சொல் தலைமையாசிரியரிடமும் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு மாற்றல் வந்து, அவருடைய சொந்தக் கணக்கில் இருந்ததால் காணாமல் போன வகுப்பு வேலைகள் ஏராளம். பேசிய பெரியவர்களின் வீட்டுக்கும் அவரவர் ஒலிப்பதிவைப் புலனத்தில் அனுப்பிவிடுங்கள்.